தவளம் போன பாதை

கிழக்குக் கரையிலிருந்து மலைநாட்டுக்குச் சென்று, கண்டு களித்து, அன்றிரவே வீடு திரும்புவது இன்று எவருக்கும் பெருங்காரியமாகத் தோன்றுவதில்லை. வைகறைத் தொழுகை முடிந்ததும் வரிப்பத்தான்சேனையிற் புறப்படும் பஸ் வண்டி, இறக்காமக் குளத்துக் காற்றைப் பின்னே விட்டு, அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவை ஆகிய ஊர்களைக் கடந்து, காலையுணவு வேளைக்கெல்லாம் மகியங்கனையில் மகாவலி கங்கைக் கரையை அடைந்துவிடுகின்றது. அங்கிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றரே உண்டு. ஆயினும் அந்தச் சிறு தூரத்துக்குள் நாட்டின் முகமே மாறிவிடும். நெல்வயலும் தேக்கங்காடும் மறையும். பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைப்பாதை தொடங்கும். வண்டி சுற்றிச் சுற்றி மேலேற ஏற, கடந்துவந்த சமவெளி முழுவதும் காலடியில் விரித்த பாய்போலக் கிடக்கும்.

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரை அண்மையில் இவ்வழியே ஒருநாட் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். பயணத்தை ஒழுங்கு செய்தோர் வழிகாட்டி ஒருவரையும் உடன் அனுப்பியிருந்தனர். அவர் நல்ல இளைஞர், சிங்களவர், தமிழை ஆர்வத்தோடு கற்றுப் பேசுபவர். மலைகளின் உயரம், அணைக்கட்டின் நீளம், நீர்வீழ்ச்சிகளின் பெயர் ஆகிய யாவற்றையும் ஒலிவாங்கியைக் கையிற் பிடித்தவாறு பிழையின்றிக் கூறினார். பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு கேட்டனர்.

வழிகாட்டியின் துணையோடு மலைநாடு காணச் செல்வது புதிய பழக்கமன்று. 1344ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பியபோது, புத்தளத்தில் அவரை உபசரித்த ஆரியச்சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரை அவருடன் அனுப்பிவைத்தார். முஸ்லிம் பயணிக்குத் தமிழ் மன்னன் அளித்த யோகியரும் பிராமணரும் சிங்கள மன்னர் ஆண்ட மலைக்கு வழிகாட்டிச் சென்றனர். இந்நாட்டு வரலாற்றில் இத்தகைய செய்திகள் பல உள. அவற்றை நாம் எடுத்துச் சொல்வதுதான் குறைவு.

மகியங்கனையில் வண்டி நின்றது. கங்கையைப் பார்த்தவாறு தேநீர் அருந்திக்கொண்டிருந்தவேளை, பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சேர், நம்மட ஆக்கள் முந்தி இந்தப் பக்கம் வந்திருக்காங்களா? இல்ல, நாமதான் புதுசா வாறமா?" என்று கேட்டாள்.

நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் யான். இருந்தும் அக்கேள்வி என்னைச் சற்றுத் திகைக்க வைத்தது. அவளுடைய பாடநூல்களில் கண்டி இராச்சியம் உண்டு. கிழக்கு மாகாணமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த பாதையை எமது வகுப்பறையில் நான் ஒருநாளும் விரித்துரைத்ததில்லை. வண்டி மீண்டும் புறப்பட்டதும் வழிகாட்டியிடம் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று மாணவர்க்குக் கூறியவற்றையும், கூற நேரம் போதாதவற்றையும் சேர்த்து இங்கே நேயர்களுக்கு முன்வைக்கின்றேன்.

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குவோம். கண்டி இராச்சியம் மலைகளாற் சூழப்பட்டது. அம்மலைகளே அதன் கோட்டை. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவருகே சிறைப்பட்டு, 1679ஆம் ஆண்டுவரை அவ்விராச்சியத்திலேயே வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் அந்நாட்டின் வழிகளை விரிவாக எழுதியுள்ளார். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகள், கணவாய்தோறும் முள்ளாற் செய்த படலைகள், அவற்றைக் காத்துநின்ற காவலர் ஆகிய யாவும் அதிற் காணப்படும். பாதையை அகலப்படுத்தாமல் விட்டிருந்தது சோம்பலாலன்று. பீரங்கி ஏறிவர முடியாத பாதையே அரசனுக்குப் பாதுகாப்பாயிருந்தது.

ஆனால் மலைக்கோட்டைக்கு ஒரு குறை உண்டு. அங்கே நெல் விளையும். பாக்கும் மிளகும் விளையும். தேனும் மெழுகும் கிடைக்கும். உப்பு விளையாது. உப்பின்றி மனிதனும் வாழான், மாடும் வாழாது. உப்பும் கருவாடும் துணியும் கடற்கரையிலிருந்தே மேலேற வேண்டும். மேற்குக் கரை பறங்கியரின் பிடிக்குள் அகப்பட்ட பின்னர், கண்டி அரசனுக்குக் கடலைக் காட்டிய வாயில்களாக எஞ்சியவை கிழக்கிலிருந்த திருகோணமலையும் கொட்டியாரமும் மட்டக்களப்புமேயாம். மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குச் சென்ற வழி விந்தனையூடாகச் சென்றது. விந்தனை என்று நம் முன்னோர் வழங்கிய நாட்டின் நடுநகரமே இன்றைய மகியங்கனை. பழைய மட்டக்களப்பு மாவட்டத்திற் சம்மாந்துறைப்பற்று, கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று என்பவற்றோடு விந்தனைப்பற்றும் ஒரு பிரிவாக இருந்தது. ஆகவே விந்தனை எமக்கு அயல்நாடன்று. எமது மாவட்டத்தின் மேற்குத் திண்ணை.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்துக் கப்பற் றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினார். அப்போது கண்டியில் முதலாம் விமலதர்மசூரியன் ஆண்டுகொண்டிருந்தான். அவனைக் காணச் சென்ற ஒல்லாந்தர், விந்தனையிற் கங்கைக் கரையிலே பொன்முடியோடு விளங்கிய வெண்ணிறத் தூபியைக் கண்டு வியந்து எழுதிவைத்தனர். எமது வண்டி நின்ற இடத்துக்கு அருகிலுள்ள மகியங்கனைத் தூபியே அது. ஐரோப்பியர் நம் நாட்டின் உள்வழியை முதன்முதல் விரிவாக எழுதிய பயணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் அவர்கள் வழிகண்டு பிடித்தவர்களல்லர். வழி முன்னமே இருந்தது. அதை நடந்து பழகியோரும் இருந்தனர்.

இனி, 1626ஆம் ஆண்டைக் கூறவேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்கவேண்டிய ஆண்டு அது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா தமது ஆட்சிக்குட்பட்ட மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார். வணிகத்திலும் சமயத்திலும் பறங்கியருக்குப் போட்டியாக இருந்தமையே அவர்கள் செய்த குற்றம். வீடும் கடையும் இழந்து நின்ற அம்மக்களைக் கண்டி மன்னன் செனரதன் தன் நாட்டுக்குள் ஏற்றுக்கொண்டான். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாறு. அங்கு அதற்கு முன்னரே வாழ்ந்துவந்த முஸ்லிம்களோடும் தமிழரோடும் அவர்கள் கலந்து வாழ்ந்து, கடல் ஒருபுறமும் வயல் ஒருபுறமுமாக வேரூன்றினர்.

இதை வெறும் இரக்கம் என்று மட்டும் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மன்னன் கணக்கறிந்தவன். கிழக்குக் கரை வெறுமையாகக் கிடந்தாற் பறங்கியர் அதையும் பற்றிக்கொள்வர் என்பதை அவன் உணர்ந்திருந்தான். உழவும் வணிகமும் அறிந்த, பறங்கியரிடம் துன்பமடைந்த ஒரு சமூகம் அங்கே குடியிருப்பது நாட்டுக்கு அரணாகும். அவன் எண்ணியதுபோலவே 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளின் பின்னர், 1638 மே மாதத்தில், செனரதனின் மகன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு கூடி அக்கோட்டையைக் கைப்பற்றினான். எனினும் கணக்கறிந்த மன்னர் வேறு பலரும் உலகில் இருந்துள்ளனர். துரத்தப்பட்ட மக்களைச் சுமையென்று கருதாமற் செல்வமென்று கண்ட மன்னர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவனின் ஆணையினாலேயே நம் ஊர்கள் பெருகின என்று அன்று மாணவருக்குக் கூறினேன்.

இக்காலத்தோடு தொடர்புடைய மரபுக்கதை ஒன்றும் மகியங்கனைப் பக்கத்தில் வழங்குகின்றது. போரில் தோற்றுத் தப்பியோடிய இரண்டாம் இராசசிங்கன் ஒரு மரப்பொந்தில் ஒளிந்துகொண்டான் என்றும், அதைக் கண்ட முஸ்லிம் பெண்ணொருத்தி, துரத்திவந்தோர் எவ்வளவு வருத்தியும் அவனைக் காட்டிக்கொடாமல் உயிர் நீத்தாள் என்றும் கூறுவர். தன்னைக் காத்த இரத்தம் என்று மன்னன் நெஞ்சுருகி, அவளுடைய சுற்றத்தாருக்குப் பங்கரகம்மன என்னும் ஊரை வழங்கினானாம். இது செவிவழி வந்த கதையே. ஆயினும் அதைச் சிங்கள மக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணி வந்துள்ளனர். இரு சமூகத்தார் சேர்ந்து காத்துவைத்த கதை அவ்விரு சமூகத்தாரின் மனத்தைப் பற்றியாவது நமக்கு ஒரு செய்தி கூறும்.

இனித் தவளத்துக்கு வருவோம். பொதி சுமக்கும் மாடுகள் பல சேர்ந்து வரிசையாகச் செல்லும் கூட்டத்தைத் தவளம் என்பர். சிங்களத்தில் தவலம என்பர். மாட்டின் முதுகில் இருபுறமும் பொதி தொங்கும். முன்செல்லும் மாட்டின் கழுத்தில் மணி ஒலிக்கும். வண்டில் செல்ல முடியாத ஒற்றையடிப் பாதையிலும் கற்படியிலும் மாடு ஏறும். ஆறு கரைபுரளும் மாரியில் தவளம் புறப்படாது. கோடை பிறந்ததும் புறப்படும். உப்பும் கருவாடும் துணியும் மேலே செல்லும்; பாக்கும் மிளகும் தேனும் மெழுகும் கீழே வரும். இத்தொழிலிற் பெரும்பங்கு கொண்டோர் முஸ்லிம்கள்.

கண்டி அரசு இதனை வெறுந் தனியார் வணிகமாக விட்டுவிடவில்லை. அரச நிருவாகத்தில் மடிகே பத்த என்றொரு திணைக்களமே இருந்தது. பொதிமாட்டுப் போக்குவரத்துக்குப் பொறுப்பான பகுதி அது. அரச காணியை அனுபவித்த முஸ்லிம்கள் அதற்கீடாகத் தம் மாடுகளைக் கொண்டு அரச பண்டங்களை ஏற்றியிறக்கினர். அரசனின் களஞ்சியத்துக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தனர். இராசகாரியம் என்னும் அக்கடமை, அவர்களை அந்நாட்டின் குடிகளாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமுமாகும். அந்நியனுக்கு இராசகாரியம் இல்லை. கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில் தவலந்தென்னை என்றோர் இடம் இன்றும் உண்டு. தவளங்கள் தங்கி இளைப்பாறிய சமநிலம் என்பது அப்பெயரின் பொருள். மாடுகள் போய்விட்டன, பெயர் நிற்கின்றது.

தவளக்காரன் எவ்வாறு பயணம் செய்தான் என்பதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நாம் ஒரு பகலிற் கடக்கும் தூரத்துக்கு அவனுக்குப் பல நாட்கள் வேண்டும். ஒவ்வோர் இரவும் ஏதேனும் ஓர் ஊரின் அருகே மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். அவ்வூராரின் கிணற்றில் நீர் மொள்ள வேண்டும். அவர்களின் மொழியிற் பேச வேண்டும். அடுத்தமுறை வரும்போதும் முகங்கொடுத்து நிற்கத்தக்கவாறு நடந்துகொள்ள வேண்டும். உப்பை அளப்பதில் ஒருமுறை ஏமாற்றினால் மறுமுறை அந்தப் பாதை அவனுக்கு அடைபட்டுவிடும். ஆகவே நம்பிக்கையே அவனுக்கு முதலாயிருந்தது. சட்டமும் காவலும் எட்டாத காட்டுவழியில் நூற்றாண்டுக்கணக்காக ஒரு வணிகம் நடந்திருக்கின்றதென்றால், அவ்வழியின் இருமுனையிலும் வாழ்ந்த மக்கள் ஒருவரையொருவர் நம்பினர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்பாதையிற் படைகளும் சென்றன. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையினாற் கண்டி அரசு கடற்கரை முழுவதையும் இழந்தது. அந்நிலையிலும் உப்பு எடுக்கும் உரிமையைக் கண்டியர் கேட்டு வைத்துக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 1804ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் என்பவர் ஏறத்தாழ 300 போர்வீரருடன் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, காட்டையும் கங்கையையும் மலையையும் கடந்து, அக்டோபர் 6ஆந் திகதி கண்டியை அடைந்தார். வேறு திசைகளிலிருந்து வரவேண்டிய படைகள் வரவில்லை. தாம் மட்டுமே தனித்து வந்திருப்பதைக் கண்ட அவர், வழிநெடுகத் தாக்குதலுக்குள்ளாகித் திருகோணமலைக்குப் பின்வாங்கினார். படை நடந்து ஏற அன்று பதினாறு நாட்களாயின. நாம் அன்றையத் தினம் நண்பகல் உணவுக்குக் கண்டியில் இருந்தோம்.

வண்டி பதினெட்டு வளைவையும் ஏறி, உடதும்பறையையும் ஹுன்னஸ்கிரியவையும் கடந்து செல்கையில், வலப்புறத்தே தும்பறை மலைத்தொடர் மூடுபனியோடு தோன்றியது. இறுக மூடிய கையின் முட்டிகளைப் போன்ற தோற்றத்தினால் ஆங்கிலேயர் அதை நக்கிள்ஸ் என்றனர். 2010இல் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. வழிகாட்டி இவற்றை அழகாக எடுத்துரைத்தார். அதே வழியில் மெதமகாநுவர என்றோர் ஊரும் உண்டு. பறங்கியர் கண்டியை எரித்த காலங்களில் அரச குடும்பத்தினர் ஒதுங்கிய இடங்களுள் ஒன்று அது. 1815 பெப்ரவரி 18ஆந் திகதி, கண்டியின் கடைசி மன்னன் சிறி விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டதும் அவ்வூர்ப் பக்கத்திலேதான். தமிழ் வழங்கிய நாயக்கர் குடியிற் பிறந்து, சிங்கள அரசனாய் வீற்றிருந்த அவன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

அதன்பின் நடந்த ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். ஆங்கிலேயர் வெல்லசப் பகுதி முஸ்லிம்களைச் சிங்களத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி என்னும் முஸ்லிம் ஒருவரை முகாந்திரமாக நியமித்து அவர் கையில் ஒப்படைத்தனர். தமக்கு உதவிய ஒருவருக்கு அளித்த பரிசாக அது தோன்றினாலும், நூற்றாண்டுக்கணக்காக இருந்த ஒழுங்கை அது இரண்டாகப் பிளந்தது. திசாவை மனம் புண்பட்டான். 1817இல் ஊவா வெல்லசக் கிளர்ச்சி மூண்டபோது முதற்பலியானோருள் ஹாஜி முகாந்திரமும் ஒருவர். ஆங்கிலேயர் 1818இல் அக்கிளர்ச்சியை அடக்கியபோது ஊர்களை எரித்தனர், கால்நடைகளை அழித்தனர், இலட்சம் வயல் எனப் பொருள்படும் பெயர்கொண்ட வெல்லச பாழாயிற்று. வயலிழந்தவன் சிங்கள உழவன். வாங்குவோனையும் வழியையும் இழந்தவன் முஸ்லிம் தவளக்காரன். பிரித்து வைத்தவர் நெடுநாள் ஆண்டனர்.

அதன் பின்னர் பாதையே திரும்பிவிட்டது. 1820களில் ஆங்கிலேயர் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி அமைத்தனர். கோப்பிப் பயிர் மலைகளில் ஏறிற்று. அதைத் தொடர்ந்து தேயிலை வந்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியத் தமிழ் மக்கள் மன்னார்க் காட்டுவழியே நடந்துவந்து, வழியிலேயே பலர் மாண்டனர். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. மலைநாட்டு விளைபொருளெல்லாம் மேற்கு நோக்கிக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கலாயின. உப்பும் கருவாடும் புகையிரதத்திலேயே ஏறின. கிழக்கு வாயில் கொல்லைப்புறமாயிற்று. தவள மாடு வண்டில் மாடாயிற்று. பின்னர் வண்டிலும் லொறிக்கு இடங்கொடுத்தது. 1949இற் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. புதிய குடியேற்றங்கள் தோன்றின. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் அரசுடைமையான பின்னர் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகள் இவ்வூர்களையெல்லாம் இணைத்தன. எனினும் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இவ்வழியில் இரவுப் பயணம் அச்சத்துக்குரியதாயிற்று. ஒரு தலைமுறை மலையைக் காணாமலே வளர்ந்தது. அத்தலைமுறையின் பிள்ளைகளே என்னுடன் வண்டியில் இருந்தவர்கள். 'நாம் புதிதாக வருகின்றோமா' என்று அவள் கேட்டதற்குக் காரணம் அதுவே.

தெல்தெனியவை அணுகும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் பளபளத்தது. 122 மீற்றர் உயரமுள்ள அந்த வளைவணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் அந்நீருக்கடியிற் கிடக்கின்றது. வழிகாட்டி இதனைக் கூறிய பின்னர் சற்று மௌனமானார். அடுத்து வருவது திகன என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, இப்பாதையின் கிழக்கு முனையாகிய அம்பாறை நகரில், உணவிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதென்ற வதந்தியினால் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மருந்தென்று காட்டப்பட்டது மாவுக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெளிவாக்கிற்று. அதே நாட்களில் மேற்கு முனையில், தெல்தெனியவில், முஸ்லிம் இளைஞர் சிலராற் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அத்துயரத்தைத் தொடர்ந்து மார்ச் மாத முற்பகுதியில் திகன முதலிய ஊர்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆந் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அயலவரைத் தம் வீடுகளில் வைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும், பள்ளிவாசலுக்குக் காவலாய் நின்ற பிக்குமாரும் அந்நாட்களில் இருந்தனர் என்பதையும் உடன் கூறவேண்டும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் தயங்கினேன். பின்னர் சொன்னேன். 1626ஐச் சொல்லிவிட்டு 2018ஐ மறைப்பது வரலாறாகாது. 2018ஐ மட்டும் நினைவில் வைத்து 1626ஐ மறப்பதும் வரலாறாகாது. வதந்தி ஓர் இரவில் இப்பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகின்றது. தவளத்துக்குப் பல நாட்கள் வேண்டியிருந்தன. அந்த நாட்களிலேதான் மனிதர் மனிதரை அறிந்துகொண்டனர். வேகமாகப் போவதிற் குற்றமில்லை. போகும் வழியில் யார் வாழ்கின்றார், அவர்க்கும் நமக்கும் என்ன உறவு என்பதை அறியாமற் போவதே குற்றம்.

திகனவில் வண்டியை நிறுத்தும்படி கேட்டேன். நிரலில் அவ்வூர் இல்லை. ஆயினும் வழிகாட்டி மறுக்கவில்லை. வீதியோரத்துச் சிறு கடையொன்றிற் பிள்ளைகள் பழமும் இனிப்பும் வாங்கினர். கடைக்காரர் வயது முதிர்ந்த சிங்களவர். எங்கிருந்து வருகின்றீர்கள் என்று அவர் கேட்க, அம்பாறைப் பக்கத்திலிருந்து என்று வழிகாட்டி விடை கூறினார். முதியவர் முகம் மலர்ந்தது. தம் பாட்டன் காலத்தில் அத்திசையிலிருந்து மாடுகளிற் கருவாடு ஏற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்று வீட்டிற் சொல்லக் கேட்டிருப்பதாக அவர் கூறினார். வழிகாட்டி அதைத் தமிழிற் சொன்னபோது மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கேள்விக்கு என்னிலும் தகுதியான ஒருவர் விடையளித்துவிட்டார்.

மாலையிற் பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு அதே வழியால் திரும்பினோம். இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பதினெட்டு வளைவின் அடியில் மகியங்கனை விளக்குகள் சிதறிக் கிடந்தன. அவ்விளைஞர் என்னருகில் வந்தமர்ந்து, நான் கூறியவற்றுட் சிலவற்றைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். செனரத மன்னன் பெயரைத் தாம் பாடசாலையிற் படித்ததுண்டு என்றும், அம்மன்னன் எங்கள் ஊர்களுக்குச் செய்த காரியத்தை இன்றுதான் கேட்டதாகவும் கூறினார். அடுத்தமுறை கரையோரத்திலிருந்து பிள்ளைகள் வரும்போது இதனைச் சொல்வேன் என்றார். மலையிலிருந்து பிள்ளைகள் நம் கரையைப் பார்க்க வரும்போதும் சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். பாதை இருவழிப் பாதையல்லவா?

வீடு திரும்பிய பின்னர் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். மலைநாட்டுக் காட்சிகளை வருணித்துக் கட்டுரை எழுதும் வழக்கத்தை விட்டு, தத்தம் வீட்டு முதியோரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிவருமாறு பணித்தேன். நம் வீட்டிலிருந்து யாராவது மலைக்கு வணிகஞ் செய்யப் போனதுண்டா? மலையிலிருந்து யாராவது நம் ஊருக்கு வந்து தங்கியதுண்டா? அவர்கள் எதைக் கொண்டுவந்தனர், எதைக் கொண்டுபோயினர்? பலர் வெறுந்தாளோடு வந்தனர். கேட்பதற்கு வீட்டில் முதியோர் இல்லை. அல்லது இருந்தோருக்கு நினைவில்லை. சிலர் எழுதிவந்தனர். கேள்வி கேட்ட மாணவி இவ்வாறு எழுதியிருந்தாள்: அறுவடைக் காலத்திற் பாக்கும் தேனும் கொண்டு வருவோர் தங்கள் வீட்டுத் திண்ணையிற் படுத்துறங்கி, நெல்லை மாற்றிக்கொண்டு போவார்களாம்; அவர்களுக்கென்று ஒரு பாய் எப்போதும் சுருட்டி வைக்கப்பட்டிருக்குமாம்; அவளுடைய பாட்டியின் தாயார் சொன்னதாம்.

ஏட்டிற் பதிந்த வரலாற்றைக் காக்க அரசின் சுவடிக்கூடம் உண்டு. சுருட்டி வைத்த அந்தப் பாயின் வரலாற்றைக் காக்க யார் உளர்? நம் ஊர்களில் எண்பதையும் தொண்ணூறையும் கடந்த முதியோர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். மலைநாட்டுச் சிங்கள ஊர்களிலும் திகனக் கடைக்காரரைப் போன்றோர் உளர். இரு பக்கத்து ஆசிரியர்களும் தம் மாணவரைக் கொண்டு அவர்களின் வாய்மொழியை எழுதிவைப்பார்களானால், அது எந்தப் பாடநூலிலும் இல்லாத அரிய ஏடாகும். அதற்குப் பணமும் பெரிதாக வேண்டியதில்லை. கேட்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும் கிழக்கிலங்கை நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அருவியைப் பாருங்கள், பனிமூட்டத்தைப் பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மகியங்கனையில் வண்டி நிற்கும்போது மட்டும், கங்கைக் கரையில் ஒரு நிமிடம் நின்று, முதுகிற் பொதியோடு மாடுகள் அவ்வாற்றிலே இறங்கிய காலத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் அந்தப் பக்கத்துக்குப் புதியவர்களல்லர்.